எட்டில் மூன்றாவது

ஆனி 23, ஞாயிறு

இந்த டைரி உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஆறு மாதம் பீரோவில் சேலைக்கு அடியில் கிடந்தது. இன்றைக்குத்தான் எழுத எடுத்தேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனாலும் என் எழுத்து குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும்.

முதலில் பேரப்பிள்ளைகளைப் பற்றி எழுதிவிடுகிறேன். என் மகள் பூங்கொடியின் மகன் சரவணக்குமார் கப்பலில் எஞ்சினியர். கொரியா வரைக்கும் போய் வந்தவன். வெள்ளைச் சட்டையில், தோளில் பட்டை வைத்து அவன் நிற்கிற படம் கூடத்துச் சுவரில் முதலாவது. அவன் தங்கை நித்திலா மஸ்கட்டில் நர்ஸ். பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம் இரண்டாவது. என் மகன் இளங்கோவின் பிள்ளை தினகர் சி.ஏ. முதல் பாகத்தை ஒரே மூச்சில் முடித்தவன். அவன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படம் மூன்றாவது. நான்காவது ஆணி வெறுமனே இருக்கிறது. அது இளங்கோவின் மகள் சுபிக்ஷாவுக்கு.

இளங்கோவும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதால் சுபி என்னோடு இங்கே அருப்புக்கோட்டையில் தங்கிப் படிக்கிறாள். பி.காம். கடைசி வருஷம். விளையாட்டு, பேஸ்பால். கிரிக்கெட் இல்லை என்று தெருவில் எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருப்பேன்! பந்தைத் தரையில் குத்தாமல் நேராக எறிய வேண்டும். எதிரே ஒருத்தி உருட்டுக் கட்டையோடு நிற்பாள். எறிகிறவளுக்குப் பிட்சர் என்று பேர். சுபிதான் பிட்சர். இந்த வருஷம் யூனிவர்சிட்டி டீமுக்கு அவளை எடுத்தால் சென்னையில் விளையாட்டுக் கோட்டாவில் மேல்படிப்புக்கு இடம். "கோட்டாவுல கெடைச்சாப் படி. இல்லைன்னா வந்து என் கம்பெனியில கணக்கு எழுது" என்று இளங்கோ சொல்லிவிட்டான். சொன்னால் சொன்னதுதான், அவன் அப்பாவைப் போல.

சாயங்காலம் சுபி வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அப்பத்தா, இங்க பிடிச்சிருக்கு. எடுத்து விடுறியா?" என்றாள்.

இளங்கோவும் பூங்கொடியும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். ரெட்டைப் பிள்ளை பெற்றவள் கைக்குச் சுளுக்கு நிற்காது என்பார்கள் இந்தப் பக்கம். நாற்பத்தேழு வருஷமாக என் வாசலுக்கு ஆள் வருகிறது. வேப்பெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, விளக்கு வைக்கிற நேரத்தில் மூன்று நாள் மேலிருந்து கீழாக வழித்துவிட வேண்டும். முடிந்ததும் வந்தவர் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். சொல்லிக்கொண்டு போனால் சுளுக்கும் திரும்பி வரும்.

சுபியும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள். எட்டடி தூரம்தான். இருந்தாலும் முறை முறைதான்.

ஆனி 25, செவ்வாய்

மூன்றாம் நாள் வழித்துவிட்டேன். "விட்டுருச்சு அப்பத்தா" என்றாள். விடாமல் எங்கே போகும்?

காலையில் தலை பின்னிவிடச் சொன்னாள். எட்டாம் வகுப்பிலேயே "நானே பின்னிக்கிறேன்" என்று சீப்பைப் பிடுங்கியவள். படிப்பு முடிந்து போகப் போகிறோம் என்று இப்போது செல்லம் கொஞ்சுகிறாள்.

ஆனி 30, ஞாயிறு

கூழ் வற்றல் போட்டேன். காக்காய் விரட்ட உட்கார்ந்த சுபி கல்லை இடது கையால் எறிந்தாள். கேட்டதற்கு, "ரெண்டு கையும் பழகணும்னு மேடம் சொன்னாங்க" என்றாள். நல்ல மேடம்.

டீக்கடை வீரணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். மழைத் தண்ணீரில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தானாம். அவனுக்கும் ஆரம்பித்தேன். சுபிக்கும் மறுபடி ஆரம்பித்தேன். வலி கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். எண்ணெய் தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும்.

"அப்பாகிட்டயும் மேடம்கிட்டயும் சொல்லாத அப்பத்தா. உக்கார வச்சிருவாங்க" என்றாள். என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் கேட்டாள். சுளுக்கைப் போய் யார் ஊர் முழுக்கச் சொல்வார்கள்? செய்து கொடுத்தேன்.

ஆடி 3, வெள்ளி

இன்றைய நாளை எழுத ஒரு பக்கம் போதாது.

நம் ஊர் வாரத்தாளில் குருசாமி சார் வருஷா வருஷம் ஒன்று எழுதுவார். பழைய பி.டி. மாஸ்டர். கல்லூரி ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால், நம் மண்டலத்தில் பேஸ்பால் ஆடுகிற எட்டு மகளிர் அணிகளில் யார் முன்னே வருவார்கள், யார் பின்னே நிற்பார்கள் என்று கணித்துச் சொல்வார். போன ஆறு வருஷமும் நம் கல்லூரியை எட்டாவதாகத்தான் போட்டார். போன வருஷம் "பந்தைத் தேடுவதில் நல்ல பயிற்சி பெற்ற அணி" என்று எழுதிவிட்டார். அன்றைக்குச் சுபி சாப்பிடவில்லை.

இந்த வருஷம் எட்டில் மூன்றாவது!

அதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"முதல் இரண்டு இடங்களில் சிவகாசியும் மதுரையும் மாறி மாறி நிற்கும். அவர்களிடம் பிட்சர்களே மும்மூன்று பேர் இருக்கிறார்கள். சாத்தூரில் அடிக்கிறவர்கள் உண்டு, எறிகிறவர்கள் இல்லை. அருப்புக்கோட்டையை நான் மூன்றாவதாக வைத்ததைப் பார்த்து நண்பர்கள் சிரிக்கலாம். பத்துப் பேருக்குச் சரியான காலணிகூட இல்லாத அணி அது. ஆனால் அங்கே சுபிக்ஷா என்றொரு பெண் இருக்கிறாள். ஒரே ஒரு வலக்கையை நம்பி இந்த இடத்தைக் கொடுக்கிறேன். அந்தக் கை நின்றால் அணி நிற்கும்."

நான் மூன்று முறை படித்தேன். அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அவள் வாயால் ஒரு முறை படிக்கச் சொன்னேன். சுபி வந்ததும் அவளிடம் நீட்டினேன். அவள் நின்றுகொண்டே படித்தாள். முகத்தில் சிரிப்பு வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது.

"என்னடி, உம் பேரு பேப்பர்ல வந்திருக்கு, இப்படி நிக்கிற?"

"ஒத்தக் கையை நம்பின்னு போட்டுட்டாரே அப்பத்தா."

"பின்ன? ஒன் கையை நம்பாம யார் கையை நம்புவாராம்?"

முழங்கையை நீட்டினாள். எண்ணெய் காய வைத்தேன். இன்றைக்குக் கொஞ்சம் அழுத்தியே வழித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். வலித்தால்தான் சுளுக்கு அசைகிறது என்று அர்த்தம்.

ஆடி 4, சனி

வாரத்தாள் ஐந்து பிரதி வாங்கி, மஸ்கட் வரைக்கும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஆடி 9, வியாழன்

ஜான்சி மேடம் வீட்டுக்கு வந்தார். சுபியின் பேஸ்பால் மேடம். ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுபி பால் வாங்கப் போயிருந்தாள். வந்ததே அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் என்று எனக்குப் பட்டது.

"பாட்டிம்மா, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்க மேடம்."

"சுபி கை நல்லாருக்கா? பிராக்டிஸ்ல முப்பது பந்து போடச் சொன்னா பன்னெண்டுல நிறுத்திருது. கேட்டா, மேட்சுக்கு மிச்சம் வைக்கிறேங்குது. கையில ஏதாச்சும்னா இப்பவே சொல்லிருங்க. ரபேக்காவைப் பிட்சரா பழக்கிருவேன். இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

ரபேக்கா யார் என்று எனக்குத் தெரியும். இடது கைக்காரி, ஒல்லியாக இருப்பாள். பந்து எறிந்தால் பந்தோடு அவளும் போய்விடுவாள் என்று சுபி சிரிப்பாள்.

"கையா? கல்லு மாதிரி இருக்கு மேடம். நேத்துகூட ஒரு கொடம் தண்ணி தூக்கிட்டு வந்தாளே!" என்றேன்.

மேடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு காப்பி நன்றாக இருக்கிறது என்றார்.

இதில் பொய் என்று எதுவும் இல்லை. குடம் தூக்கியது போன மாதம். நாள்தான் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிட்டது. பிள்ளைக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். மேலும் சுளுக்குதானே.

ஆடி 12, ஞாயிறு

வீரணன் வந்தான். கையில் வெள்ளைக் கட்டு, முழங்கை வரைக்கும். கடைப் பெஞ்சில் இருந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"பெரியம்மா, எலும்பு விட்டிருக்காம். படம் பிடிச்சுக் காட்டுனாங்க. ஆனா ஒண்ணு, உங்க கை ராசியான கைதான். ஒடைஞ்ச கையோட ரெண்டு வாரம் டீ ஆத்தியிருக்கேன்னா பாருங்களேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "விழுந்த அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியதுதானேடா?" என்றேன்.

"போகத்தான் கெளம்பினேன். நீங்கதான் மூணு நாள் பொறுன்னீக."

போகும்போது வாசலில் நின்று, "போயிட்டு வாரேன் பெரியம்மா" என்று உரக்கச் சொன்னான். வேண்டுமென்றேதான் சொன்னான்.

இன்று சுபிக்கு வழிக்கவில்லை. எண்ணெய் இல்லை என்று சொல்லிவிட்டேன். பாட்டில் நிறைய இருக்கிறது.

ஆடி 14, செவ்வாய்

மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லை. மாவு ஆட்டவில்லை. ரசமும் அப்பளமும். சுபி ஸ்பூன் கேட்டாள். இடது கையால் சாப்பிட்டாள். தம்ளர் ஒன்று கீழே விழுந்து நெளிந்தது. எவர்சில்வர்தான், உடையவில்லை.

ஆடி 15, புதன்

தம்ளர் மறுபடியும் விழுந்தது.

ஆடி 18, சனி

பதினெட்டாம் பெருக்கு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம். சாப்பிட்டு முடித்ததும் சுபியை எதிரே உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினேன்.

"எந்த விரலைத் தொடுறேன், சொல்லு."

"கட்டை விரல்."

"இப்ப?"

"நடு விரல்."

"இப்ப?"

கையை நீட்டியபடி காத்திருந்தாள். நான் குச்சியைச் சுண்டு விரலில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். நுனி பதிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"இன்னும் தொடவே இல்லையே அப்பத்தா" என்றாள்.

மோதிர விரலும் பாதிதான் தெரிந்தது. நான் குச்சியைத் தூரப் போட்டேன். அவள் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"எத்தனை நாளா மரத்திருக்கு?"

"ஆனி கடைசியிலேர்ந்து. எறிஞ்சா மட்டும் இருந்துச்சு. இப்ப எப்பவும் இருக்கு."

"மேடம்கிட்டச் சொல்லிருவோம்டி."

அவ்வளவுதான். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்துவிட்டன. "ஒரே ஒரு மேட்ச் அப்பத்தா! யூனிவர்சிட்டி செலக்‌ஷன்காரங்க வியாழக்கிழமை மட்டும்தான் வர்றாங்க. மூணு வருஷமா வெயில்ல கெடந்தது எதுக்கு? அன்னைக்கு மட்டும் போட்டுட்டா, மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வாரேன். நீ கூட்டிட்டுப் போ. பேப்பர்ல பேரு வந்தப்ப ஊரெல்லாம் காட்டுனீல்ல? இப்ப என்னை உக்கார வச்சா அந்த ஊர் என்ன சொல்லும்?"

ஒரே ஒரு ஆட்டம். அதற்குள் என்ன ஆகிவிடும்? மறுநாளே போகிறோமே.

சரி என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

ஆடி 22, புதன்

நாளைக்கு நானும் மைதானத்துக்குப் போகிறேன். சேலை எடுத்து வைத்தாயிற்று.

ஆடி 24, வெள்ளி

நேற்று எழுத உட்காரவில்லை. இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

நான் மைதானத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். எதிர் அணி சாத்தூர். தொப்பி வைத்த இரண்டு பேர் நோட்டும் கையுமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்தான் செலக்‌ஷன்காரர்கள் என்றார்கள். குருசாமி சார் என்னைத் தேடி வந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம்.

"அந்தக் கையோட பாட்டி நீங்கதானா? உங்க பேத்தியை நம்பித்தாம்மா மூணாவதுன்னு போட்டேன். என் மானம் அவ கையில" என்று சிரித்தார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆட்டம் தொடங்கியது. சுபி நடுவில் மண்மேட்டில் நின்றாள். சிவப்புச் சட்டை, ஏழாம் எண். முதல் பெண் கட்டையோடு வந்தாள். சுபி ஒரு காலைத் தூக்கி, உடம்பை முறுக்கி எறிந்தாள். கட்டைக்காரி வீசினாள், காற்றுதான். இரண்டாவதும் காற்று. மூன்றாவதும் காற்று. அம்பயர் கையை மடக்கிக் காட்டினார். அவள் அவுட். பிள்ளைகள் "சுபி! சுபி!" என்று கத்தினார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். தொப்பிக்காரர்களில் ஒருவர் எதையோ எழுதினார். என் கண் அந்தப் பேனாவிலேயே இருந்தது.

அடுத்தவளுக்குப் போட்ட பந்து தலைக்கு மேலே போனது. அதற்கடுத்தது காலடியில் குத்தியது. சுபி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள். எதிரே இருந்தவர்களுக்கு அது தெரியாது. மரத்தடியில் இருந்த எனக்குத் தெரிந்தது.

பந்து திரும்பி அவளிடம் வந்தது. இடது கையுறையில் பிடித்தாள். வலது கையால் எடுக்கப் போனாள். பந்து விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடியும் நழுவியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

எனக்குத் தம்ளர் ஞாபகம் வந்தது. அது விழுந்த சத்தம் கேட்டது.

அவள் பந்தை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் காலைத் தூக்க நின்றாள். நான் செருப்பைக்கூடப் போடவில்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

அம்பயர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். "யாரும்மா நீங்க? வெளிய போங்க!" என்றார். ஜான்சி மேடம் ஓடி வந்தார்.

"மேடம், அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றேன்.

"எது பாட்டிம்மா?"

"கை கல்லு மாதிரி இருக்குன்னேனே, அது. ஆனி மாசத்துலேர்ந்து வலி. ரெண்டு விரல் மரத்துப் போச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பொய் சொன்னேன்."

சுபி மேட்டிலிருந்தே கத்தினாள். "போ அப்பத்தா! நீ உள்ள வரக் கூடாது! போ!"

"வந்துட்டேன்டி" என்றேன். வேறு என்ன சொல்வது?

மேடம் நேராகச் சுபியிடம் போனார். அவள் தலையைத் தோளோடு சேர்த்துக் கண்ணைப் பொத்தினார். சட்டைப் பையிலிருந்த பேனாவால் சுண்டு விரலைத் தொட்டார். சுபி வேறு ஏதோ விரலைச் சொல்லியிருக்க வேண்டும். மேடம் பேனாவைப் பையில் வைத்துவிட்டு, சுபியின் கையிலிருந்த பந்தை வாங்கினார். "ரபேக்கா!" என்று கூப்பிட்டார்.

தொப்பிக்காரர் நோட்டில் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். அதையும் பார்த்தேன்.

பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். ரபேக்கா பந்தோடு பந்தாகப் போய் விழுந்துகொண்டே இருந்தாள்.

ஆடி 25, சனி

சுபி பேசவில்லை. இளங்கோ திருப்பூரிலிருந்து வருகிறான்.

ஆடி 26, ஞாயிறு

தலை பின்னிவிட உட்கார்ந்தாள். பேசவில்லை, ஆனால் உட்கார்ந்தாள். வேறு யார் பின்னிவிடுவார்கள்?

ஆடி 28, செவ்வாய்

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். இளங்கோவும் சுபியும் நானும் போனோம். முழங்கையின் உள்பக்கத்துத் தசைநார் பாதி கிழிந்திருக்கிறதாம். பக்கத்தில் போகிற நரம்பும் வீங்கியிருக்கிறதாம். "இன்னும் பத்துப் பந்து போட்டிருந்தா மிச்சமும் போயிருக்கும். இப்ப ஆபரேஷன் இல்லாமப் பார்க்கலாம். ஆறு மாசம் கட்டு, பயிற்சி. எறியவே கூடாது" என்றார் டாக்டர். சின்ன வயசுப் பெண், நித்திலா வயதுதான் இருக்கும்.

பிறகு கேட்டார்: "இங்க தோல் இப்படிக் கன்னிப் போயிருக்கே, யார் இவ்வளவு அழுத்தித் தேய்ச்சது?"

இளங்கோ என்னைப் பார்த்தான். நான் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

"நான்தாங்க நெதமும் தேய்ச்சுக்கிட்டேன்" என்றாள் சுபி. ஐந்து நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

"இல்ல டாக்டரம்மா. நான்தான்" என்றேன்.

"வீக்கம் இருக்கிற இடத்துல இப்படித் தேய்க்கக் கூடாது பாட்டி. அதுவும் சேர்ந்துதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

பஸ்ஸில் வரும்போது இளங்கோ, "அம்மா, நீங்க என்ன டாக்டரா? ஒரு போன் பண்ணியிருந்தா என்ன?" என்றான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இந்த டைரியை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. சுளுக்கு எங்கே இருந்தாலும் வழிக்கும்போது விரலுக்கு அடியில் ஒரு முடிச்சு தட்டுப்படும். நாற்பத்தேழு வருஷமாக என் விரலுக்குத் தெரிந்தது அது. சுபியின் கையில் அந்த முடிச்சு இல்லை. மூன்றாம் நாளே எனக்குத் தெரியும். "விட்டுருச்சு அப்பத்தா" என்று அவள் சொன்னபோதே தெரியும். வழித்துக்கொண்டே இருந்தேன்.

ஆடி 31, வெள்ளி

வாரத்தாளில் குருசாமி சார் நாலு வரி எழுதியிருக்கிறார். "என் கணிப்பு பொய்த்தது. ஒரு பெண்ணின் ஒரு கைமேல் ஓர் அணியின் பாரத்தை ஏற்றியது என் தவறு."

பாதிதான் உங்கள் தவறு, சார்.

ஆவணி 2, ஞாயிறு

சுபி மதுரைக்குப் போகிறாள். அத்தை பூங்கொடி வீட்டில் தங்கி, கைக்குப் பயிற்சி எடுக்க வேண்டும். கல்லூரியில் ஒரு மாதம் விடுப்பு கேட்டாயிற்று. இளங்கோ அதன் பிறகு என்ன என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இட்லிப் பொடி, கூழ் வற்றல், இரண்டு நல்ல சுடிதார் எல்லாம் பையில் வைத்தேன். தலை பின்னிவிட்டேன். கையில் நீலக் கட்டு, கழுத்தோடு மாட்டியிருந்தது. ஆட்டோ வந்து வாசலில் நின்றது. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுபி ஆட்டோ வரைக்கும் திரும்பிப் பார்க்காமலே போனாள். அத்தனை நாளும் என் எண்ணெய்க் கையிலிருந்து எழுந்து போன மாதிரியே போனாள். அதுதான் சரி, கோபம் இருக்கும், இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒரு காலை உள்ளே வைத்தவள் இறங்கினாள். திரும்பி வாசலுக்கே வந்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"போயிட்டு வாரேன் அப்பத்தா" என்றாள்.

சொல்லிக்கொண்டு போனால் திரும்பி வரும் என்று சொல்லி வளர்த்தவள் நான். நாற்பத்தேழு வருஷத்தில் என் கை பட்ட எவருக்கும் நான் பதில் சொன்னதில்லை.

"போயிட்டு வாடி" என்றேன்.

ஆட்டோ போன பிறகு வேப்பெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துச் சாமந்திச் செடிக்குப் பூச்சி மருந்தாகத் தண்ணீரில் கலந்து வைத்தேன். மூன்று பேர் வந்து கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பினேன்.

ஆவணி 16, ஞாயிறு

பூங்கொடி போனில் சொன்னாள்: கடைசி ஆட்டம் நேற்று மதுரையில் நடந்ததாம். சுபி கட்டோடு போய் அணியோடு உட்கார்ந்திருக்கிறாள். உட்காரவும் இல்லையாம், கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு ரபேக்காவுக்கு எந்தப் பந்து போட வேண்டும் என்று இடது கையால் சாடை காட்டிக்கொண்டே இருந்தாளாம். "ஏ ரபேக்கா, பந்தை விடு, நீ நில்லு!" என்று அவள் கத்தியதில் எதிர் அணிக்காரிகளே சிரித்துவிட்டார்களாம். நான்குக்கு மூன்று என்று ஜெயித்துவிட்டார்கள். எட்டில் ஐந்தாவது. போன ஆறு வருஷமும் எட்டாவது.

ஜான்சி மேடம் இளங்கோவிடம் பேசியிருக்கிறார். எறிய முடியாவிட்டாலும் இவளுக்கு ஆட்டம் தெரிகிறது, அடுத்த வருஷம் பயிற்சியாளர் படிப்புக்கு விண்ணப்பம் போடுவோம் என்றாராம். இளங்கோ இன்னும் சரி என்று சொல்லவில்லை. "பார்ப்போம்" என்றானாம். அவன் அப்பா "பார்ப்போம்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

சுபி கோட்டோரம் நின்று சாடை காட்டியதை மேடம் போட்டோ எடுத்திருக்கிறாராம். பூங்கொடிக்கு ஒரு கடிதம் எழுதினேன். தபாலில் போடும் முன் இங்கே ஒரு நகல்:

பூங்கொடிக்கு அம்மா எழுதியது. நலம். மேடம் எடுத்த போட்டோவைச் செல்லில் அனுப்ப வேண்டாம். கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அட்டை வைத்து, மடங்காமல் தபாலில் அனுப்பு. சுபி சிவப்புச் சட்டையில் இருக்கிறாள் அல்லவா, அதுவே போதும், வேறு உடுப்பு மாற்றி எடுக்க வேண்டாம். கப் இல்லையே என்று கடைக்காரர் பக்கத்தில் எதையும் ஒட்டிவிட வேண்டாம். முக்கியமாக, ஓரத்தை வெட்டும்போது பார்த்து வெட்டச் சொல். கையில் இருக்கிற கட்டு முழுக்கத் தெரிய வேண்டும். ஆணி தயாராக இருக்கிறது. சீக்கிரம் அனுப்பு.